மீசாலை அன்ரிக்கும் அந்த ஒழுங்கை அம்மாக்களுக்கும்

அன்புள்ள அன்ரி,

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாண நகரமும் சுற்றூர்களும் சேர்ந்த எங்கள் வலிகாமமே வெளிக்கிட்டுச் செம்மணி வெளியால் நடந்தது. கொட்டுகிற மழை. நாவற்குழிப் பாலத்தடியில் அடி எடுத்து வைக்க இடமில்லை. குடையை மல்லாத்திப் பிடித்து மழைத்தண்ணியைக் குடித்தோம். அடுத்த நாள் மத்தியானம் உங்கள் படலையடிக்கு வந்தபோது, யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்காமல், "பிள்ளையளை முதல் உள்ளுக்கு விடுங்கோ" என்றீர்கள்.

அன்றிரவு அந்த வீட்டில் 37 பேர். சுண்டால் அரிசி அளந்து பானையில் போடும்போது நீங்கள் வாய்க்குள் தலை எண்ணியதை அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். கஞ்சிதான். பிள்ளைகள், அம்மம்மா, அம்மா என்று எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, கடைசியில் பானையைச் சுரண்டிக் குடித்தீர்கள். ஆறு மாதமும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

1990இலிருந்து கரண்ட் இல்லை. பற்றறி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தடையோ தட்டுப்பாடோ. பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்ததும், ஜாம் போத்தல் விளக்கில் எங்களைப் படிப்பித்ததும் எல்லா வீட்டு அம்மாக்களும்தான். இருந்தாலும் உங்கள் கிணற்றடியை நான் தனியாகச் சொல்லவேண்டும். வந்த மூன்றாம் நாளே சுற்றிவரக் கிடுகு கட்டுவித்து, விடிய முந்திப் பொம்பிளையள் குளிக்கிற நேரம் என்று வைத்தீர்கள். குமர்ப்பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது சொல்ல வெட்கம்.

பக்கத்து வளவு ஆச்சி, தம்பிக்குக் காய்ச்சல் விடும்வரை நாலு நாளும் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தா. முன்வீட்டு ரீச்சர் மாமரத்துக்குக் கீழே எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தா. அவவும் சம்பளம் ஒழுங்காக வராமல் கஷ்டப்பட்ட காலம்.

1996 ஏப்ரலில் சனத்தோடு சனமாக அவசரத்தில் வலிகாமத்துக்குத் திரும்பினோம். ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை. 2000இல் சண்டை மீசாலை இருக்கிற தென்மராட்சிக்கு வந்தபோது நீங்கள் ஓட வேண்டி வந்தது. எங்கள் படலை திறந்துதான் இருந்தது, அன்ரி. நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள் என்று தெரியாமல் அம்மா எத்தனையோ நாள் றோட்டில் போய் நின்றா.

அம்மா போன வருஷம் தவறிவிட்டா. சாமான்களை ஒதுக்கும்போது உங்கள் அலுமினியக் கேத்தில் கிடைத்தது. வழியில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வைக்க என்று நீங்கள் தந்துவிட்டது. அடி கரிப்பிடித்தபடியே வைத்திருந்திருக்கிறா.

இதை வாசிக்கிற உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஒரு சொல் அனுப்பினால், கேத்திலோடு நானே மீசாலைக்கு வருவேன். மிக்க நன்றி, அன்ரி.

அன்று உங்கள் விறாந்தையில் படுத்திருந்த மூத்த பிள்ளை