போட்டோ எடுக்க விடாத அரண்மனை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போட்டோ எங்கே, போட்டோ எங்கே என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருக்கிறாய். காத்மாண்டுவில் நேபாள ராஜாக்கள் இருந்த நாராயண்ஹிட்டி அரண்மனைக்குப் போனேன், அங்கே ஒன்றுகூட எடுக்கவில்லை. போன், கேமரா எதையும் உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. அதனால் எழுதியே அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

முக்திநாத் யாத்திரை வந்தவர்களுக்குக் காத்மாண்டுவில் பசுபதிநாதர் கோயிலோடு ஊர் முடிந்துவிடும். எங்கள் குழுவில் பாதிப் பேர் ருத்ராட்சம் வாங்கப் போய்விட்டார்கள், அம்மா உட்பட. நான் தனியாகத்தான் போனேன்.

அரண்மனை என்றதும் மைசூர் மாதிரி நினைத்துவிடாதே. பழையதை இடித்துவிட்டு 1960களில் கட்டிய கட்டடம். வரைந்தவர் பெஞ்சமின் போல்க் என்ற அமெரிக்கர். உள்ளே நுழைந்தால் பாடம் செய்த இரண்டு புலிகள் நிற்கின்றன. அறைகளுக்கெல்லாம் நேபாள மாவட்டங்களின் பெயர். சிம்மாசன மண்டபத்தில் பெரிய சரவிளக்கு. சுவர் முழுக்க வந்துபோன வெளிநாட்டுத் தலைவர்களின் படங்கள். ராஜாவின் படுக்கையறைதான் என்னை நிற்க வைத்தது. விஷ்ணுவின் அவதாரம் என்று ஜனங்கள் கும்பிட்ட மனிதரின் அறை, நம்மூர் ரிட்டையர்டு கலெக்டர் வீட்டு அறையைவிடப் பெரிய ஆடம்பரம் ஒன்றுமில்லை.

அப்புறம் பின்பக்கம் தோட்டத்துக்குப் போனேன். 2001 ஜூன் 1 இரவு ராஜா பீரேந்திரா குடும்பம் சுடப்பட்ட இடம். நீ அப்போது சின்னப் பெண், ஞாபகம் இருக்காது. பட்டத்து இளவரசர் தீபேந்திராவையும் சேர்த்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்தான் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார் என்பது அரசாங்க அறிக்கை. கோமாவில் கிடந்தவரையே ராஜா என்று அறிவித்து, ஜூன் 4 அன்று அவரும் போனார். சம்பவம் நடந்த கட்டடத்துக்குத் திரிபுவன் சதன் என்று பெயர். அதைப் பிற்பாடு இடித்துவிட்டார்கள். நான் பார்த்தபோது அஸ்திவாரம் மட்டும் தரையோடு தெரிந்தது. யார் எங்கே விழுந்தார்கள் என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். குண்டு துளைத்த சுவர் ஒன்றும் இருக்கிறது.

காலமெல்லாம் கோர்ட் கட்டுகளோடு கிடந்தவன் நான். எனக்கு அதைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. மறுநாளே பசுபதிநாதர் கோயிலை ஒட்டிய ஆர்யகாட் படித்துறையில் தகனம். தலைமை நீதிபதியும் சபாநாயகரும் விசாரித்து ஜூன் 14-ஆம் தேதிக்குள் அறிக்கை கொடுத்தாகிவிட்டது. சம்பவ இடமும் போயிற்று. இப்படி இருந்தால் ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? அறிக்கை உண்மையாகவே இருக்கட்டும், அதைக் காப்பாற்றவாவது அந்தக் கட்டடத்தை விட்டு வைத்திருக்கலாம். துக்கம் நடந்த வீட்டைப் பார்க்கச் சகிக்காது என்று குடும்பத்தார் நினைப்பது நியாயம்தான். ஆனால் அது வெறும் வீடு இல்லையே.

அடுத்து ராஜாவான பீரேந்திராவின் தம்பி ஞானேந்திராவின் கதை இன்னும் விசித்திரம். 1950இல் தாத்தா திரிபுவன் இந்தியாவுக்குப் போனபோது, மூன்று வயதுக் குழந்தையான இவருக்கு முடிசூட்டி, இரண்டே மாதத்தில் இறக்கிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து மறுபடி ராஜா. 2008 மே 28 அன்று மன்னராட்சியே ஒழிந்தது. ஜூன் 11 அன்று இதே அரண்மனையில் நிருபர்களிடம் பேசிவிட்டு ஊருக்கு வெளியே நாகார்ஜுன் காட்டில் இருக்கும் மாளிகைக்குக் கிளம்பிப் போனார். மறு வருஷம் இது அருங்காட்சியகம். ஒரு ராஜ வம்சம் இவ்வளவு சத்தமில்லாமல் வீட்டைக் காலி செய்தது அபூர்வம். அந்தப் பெருந்தன்மைக்கு அவருக்கு ஒரு மார்க் கொடுக்கத்தான் வேண்டும்.

உன் ஆபீசில் காத்மாண்டு பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே, அவனிடம் கேட்டுப் பார். யார் சுட்டது என்று எடுத்த எடுப்பில் கேட்காதே, அது அவர்களுக்கு வலிக்கும். அன்றைக்கு அவன் வீட்டில் செய்தி எப்படித் தெரிந்தது, பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேள். சொன்னதை எனக்கு எழுது.

இப்படிக்கு,
அப்பா