சாட்சிக் கையெழுத்து

ஆசிரியருக்கு,

உரிமைகளைப் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். எழுதியது எல்லாம் சரி, ஆனால் பாதிதான்; உரிமைகளோடு சேர்ந்து வரும் கடமைகளை அது சொல்லவில்லை. 1948-இல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தில் மொத்தம் 30 பிரிவுகள். அதில் 29-ஆவது பிரிவு சமூகத்துக்கு நாம் செய்ய வேண்டிய கடமைகள் உண்டு என்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை, நானே அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். சுதந்திர நாட்டில் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு காவலரை நிறுத்த முடியாது, அதனால் பெரும்பாலான சட்டங்கள் நம் சொந்த நேர்மையை நம்பித்தான் ஓடுகின்றன.

சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் ஒரு பத்திரத்தை நீட்டி, "சும்மா சாட்சிக் கையெழுத்துதான், போடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பேனா கையில் இருந்தது, டீ ஆறிக்கொண்டிருந்தது, போட்டுவிட்டேன். பிறகு பத்திரத்தில் தன் பெயரில் இருக்கும் கையெழுத்தே தன்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் தகராறு செய்தபோது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் எதையும் பார்க்கவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊழலைப் பற்றி அதுவரை நான் பேசாத மேடை இல்லை என்பது வேறு விஷயம். சாட்சி கையெழுத்திடும் இடத்துக்கு மேலே, "இவர் என் கண்ணெதிரே கையெழுத்திட்டார்" என்ற வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதைச் சாட்சியே தன் கையால் ஒருமுறை எழுதச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்