உளுந்துச் செடிய ஒன்னு புடுங்கிப் பாரு

மாப்ள, நல்லா இருக்கியா, தங்கச்சி புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா. இங்க மேலூர் பக்கம் பெரியாறு வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரல. மூத்தவளுக்கு ஒத்தக்கடை விவசாய காலேஜ்ல எடம் கெடச்சிருச்சு, வீடே சந்தோசமா இருக்கு.

போன்ல நீ யூரியாவுக்கு வரிசைல நின்ன கதைய சொன்னதுலருந்து எனக்கு மனசு கேக்கவே இல்ல மாப்ள. யூரியா குடுக்குறது நைட்ரஜன் சத்து தான், நாம மூச்சு விடுற காத்துலயே 100க்கு 78 பங்கு அது தான், ஆனா ரெண்டு ரெண்டு அணுவா இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கறதால எந்தச் செடியாலயும் அப்படியே எடுத்துக்க முடியாது, ஃபேக்டரில அதப் பிரிக்கணும்னா 400 டிகிரிக்கு மேல சூடு வேணும், பயங்கர அழுத்தம் வேணும், அதே வேலைய உன் வயக்காட்டு மண்ணுல கெடக்குற ரைசோபியம் பாக்டீரியா சாதாரண வெயில் சூட்டுலயே செஞ்சுட்டுப் போகுது!

உளுந்து பூக்குற சமயத்துல ஒரு செடிய மண்ணோட தோண்டி எடுத்து, தண்ணில அலசிப் பாரு, வேர்ல கடுகு மாதிரி முடிச்சு இருக்கும், அந்தப் பாக்டீரியா குடியிருக்குற வீடு அது தான். நகத்தால கீறுனா உள்ள செவப்பா இருந்துச்சுன்னா பாக்டீரியா நல்லா வேலை பாக்குதுன்னு அர்த்தம், பச்சையா இருந்தா அதோட காலம் முடிஞ்சிருச்சு. அந்தச் செவப்பு நம்ம ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின் வகை தான். நைட்ரஜனப் பிரிக்கிற என்சைமுக்கு ஆக்சிஜன் பட்டா ஆகாது, பாக்டீரியாவுக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேணும், அதனால செடி இத வச்சு ஆக்சிஜனப் புடிச்சு அளந்து அளந்து குடுக்குது. சர்க்கரையும் செடி தான் குடுக்குது, பதிலுக்கு பாக்டீரியா செடி எடுத்துக்கிற மாதிரி நைட்ரஜன அம்மோனியாவா மாத்திக் குடுக்குது. எத்தன தடவ பாத்தாலும் எனக்கு ஆச்சரியமா தான் இருக்கு.

ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்க, மண்ணுல யூரியா நெறைய கெடந்தா செடி முடிச்சே சரியா கட்டாது, கேட்காமலே கெடைக்குதுல்ல. உளுந்துல காய் எடுத்துட்டா பாதிக்கு மேல சத்து பயறோட வீட்டுக்குப் போயிரும், அதனால நெல்லுக்கு உரமா வேணும்னா தக்கைப்பூண்டு தான் சரி, அதுவும் வேர்ல முடிச்சு கட்டுற பசுந்தாள் உரச் செடி தான், பூ எடுக்கறப்ப, ஒரு 45 நாள்ல, தண்ணி கட்டி மடக்கி உழுதுரு. அழுகுனதும் வேற பாக்டீரியா அத அம்மோனியமா மாத்தும், தண்ணி நிக்கிற சேத்துல அது அப்படியே தங்கும், நெல்லுக்கும் அது தான் புடிக்கும்.

உளுந்து வெதைக்கிறப்ப ரைசோபியம் பாக்கெட்ட ஆறுன அரிசிக் கஞ்சில கலந்து வெதைல பெரட்டி நெழல்லயே காய வையி, வெயில்ல போட்டா செத்துரும். தக்கைப்பூண்டு வெத என்கிட்ட இருக்கு, சோழவந்தானுக்கு யாராச்சும் வந்தா குடுத்து விடுறேன், எத்தன ஏக்கருக்கு வேணும்னு சொல்லு.