ஹவ்காங் கல்லறையில் கிடக்கும் அந்தப் பெண்களையும் நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15 நெருங்கினாலே ஜப்பானியர் காலத்தைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் வந்துவிடும். வரவேண்டியதுதான். என் தாத்தாவின் அண்ணன் மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவே இல்லை. ஆனால் சிங்கப்பூரில் ஜப்பானியர் விட்டுப்போன தடம் என்றால் அந்த மூன்றரை ஆண்டுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஹவ்காங் வட்டாரத்தில் சுவான் ஹோ அவென்யூவில், வீடுகளுக்கு நடுவே ஜப்பானியர் கல்லறைப் பூங்கா இருக்கிறது. எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருந்தும் போன மாதம்தான் உள்ளே நுழைந்தேன். 1891-இல் தொடங்கிய இடம், 910 கல்லறைகள். போர் வீரர்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனால், கண்ணில் பட்டது வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள், பல கற்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. அவற்றில் நிறைய, கராயுகி சான் என்று அழைக்கப்பட்ட பெண்களுடையவை. கியூஷு தீவின் அமாகுசா, ஷிமாபாரா போன்ற ஏழை ஊர்களிலிருந்து, வெளிநாட்டில் நல்ல வேலை என்று தரகர்கள் சொன்னதை நம்பி வந்தும், குடும்பக் கடனுக்காக விற்கப்பட்டும், கடைசியில் இங்கே விபசார விடுதிகளில் அடைபட்டவர்கள். இளம் வயதிலேயே செத்துப்போனவர்களைப் புதைக்க இடமில்லாமல், விடுதி நடத்திய ஜப்பானியர்களே நிலம் கொடுத்து ஆரம்பித்ததுதான் இந்தக் கல்லறை.

கங்காணி பேச்சை நம்பிக் கப்பல் ஏறிய நம் முன்னோர் கதை தெரிந்த எவருக்கும் இது அந்நியக் கதையாகத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை, வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர்கள் இருந்த தெருக்களிலோ நாம் வாரக் கடைசியில் நடந்துகொண்டிருக்கிறோம். பூகிஸ் ஜங்ஷன் கடைத்தொகுதிக்குள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஹைலம் ஸ்திரீட், மலாய் ஸ்திரீட், மலபார் ஸ்திரீட் என்று பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள், ஜப்பானிய விடுதிகள் நெருக்கமாக இருந்தது அங்கேதான். 1920-இல் ஜப்பானியத் தூதரகமே அந்தத் தொழிலைத் தடை செய்தது. பக்கத்து மிடில் ரோட்டில் ஜப்பானியக் கடைகள் போர் வரைக்கும் இருந்தன.

அதே கல்லறையில் ஜப்பானின் தென்படைகளுக்குத் தலைமை வகித்த தெராவுச்சிக்கும் ஒரு நினைவுக்கல் உண்டு. அந்தச் சயாம் பாதை போடப்பட்டது அவர் தலைமையில் இருந்த படையின் கீழ்தான். அதன் முன்னால் நிற்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி இருக்கும் சின்னக் கற்கள்மேல் காட்ட எந்த நியாயமும் இல்லை. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் போருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பிப்ரவரியில் பிள்ளைகளை, பிரிட்டிஷார் சரணடைந்த பழைய ஃபோர்ட் தொழிற்சாலைக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கும் கூட்டிப்போகும் தமிழாசிரியர்கள், முடிந்தால் உயர்நிலைப் பிள்ளைகளையாவது ஹவ்காங்குக்கும் ஒரு மணி நேரம் கூட்டிப்போகலாம். உங்கள் நாளிதழும் ஒரு ஞாயிறு இந்தப் பெண்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதவேண்டும். அப்புறம் பூகிஸுக்குப் போகிறவர்கள், மலபார் ஸ்திரீட் பலகை கண்ணில் பட்டால், அவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்