கார் தள்ளிய பெண்

கரூர்
ஞாயிறு இரவு

கண்ணு,

போன வாரம் போனில் நீ பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணை ஒருமுறை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வா என்றதற்கு, "இப்ப வேண்டாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றாய். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவங்க வீடு வேற மாதிரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

படுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஐந்து குடித்தனத்துக்கு இரண்டு குளியலறை, வாசலில் பொதுக் குழாய், மழை பெய்தால் ஒழுகும் அடுப்படி. இந்த லைன் வீட்டை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறாய். எனக்குக் கோபம் இல்லை சாமி. நேரில் சொன்னால் பாதியில் அழுகை வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து, நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் 'தி கராத்தே கிட்' படத்தைப் போட்டேன். 1984இல் வந்த பழைய படம். உனக்கு நினைவிருக்கும். நீ எட்டாவது படித்தபோது ஜாக்கி சான் நடித்த 2010 படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கராத்தே வகுப்பில் சேர வேண்டும் என்று நின்றாய். அதன் பெயரில்தான் கராத்தே, கதை நடப்பது பெய்ஜிங்கில், பையன் கற்பது குங்ஃபூ என்று உன் மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லி, பழைய படத்தின் சி.டி.யைக் கொடுத்து அனுப்பினார். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் இரண்டு தடவை பார்த்தோம். அடுத்த ஒரு மாதம் நீ திண்ணை ஓரத்தில் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டே இருந்தாய்.

அப்போது நானும் உன்னோடு சேர்ந்து சண்டையைத்தான் பார்த்தேன். கடைசிப் போட்டி, இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நிற்கும் புள்ளிகள், கால் ஊன்ற முடியாமல் நிற்கும் கதாநாயகப் பையன் டேனியல், அந்தக் கொக்கு உதை. நேற்று அந்த இடம் வந்தபோது எனக்கு அவ்வளவு பதற்றமே இல்லை. அதற்கு முன்னால் வரும் ஒரு சின்னக் காட்சியில்தான் நிறுத்தி, பின்னால் தள்ளி, திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

டேனியலின் அம்மா லூசில், கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை நம்பி, நியூ ஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ரெசீடாவுக்கு மகனோடு குடிபெயர்கிறாள். அந்த வேலை சரிப்படாமல் உணவகத்துக்கு வேலைக்குப் போகிறாள். அப்பா இல்லாத பையன். மணப்பாறையிலிருந்து உன்னையும் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு நான் கரூர் வந்து இறங்கிய நாளை நினைத்துக்கொண்டேன். படத்தில் அவளுக்குக் காட்சிகள் குறைவுதான். ஆனாலும் அவள் முகம் வரும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

டேனியலுக்கு ஆலி என்ற பெண்ணைப் பிடித்துப்போகிறது. அவள் என்சினோ மேட்டுப்பகுதியில் பெரிய வீட்டுப் பெண். முதல் முறை அவளை வெளியே அழைத்துப் போக, ஓட்டுநர் உரிமம் இல்லாத டேனியல் தன் அம்மாவின் பழைய காரில் போய் இறங்குகிறான். திரும்பக் கிளம்பும்போது வண்டி கிளம்ப மறுக்கிறது. தள்ளிவிட வேண்டும். பெண்ணின் அப்பா அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டேனியலுக்கு மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் ஆலி முகம் சுளிக்கவில்லை. அவளும் இறங்கி, அவனோடு சேர்ந்து தள்ளுகிறாள்.

அவ்வளவுதான் காட்சி. கொஞ்ச நேரம்தான். அந்தப் படத்தின் காதல் முழுவதும் அங்கேயே முடிவாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகும் அவளை நம்பாமல் தவிப்பது டேனியல்தான். பணக்காரர்களின் கிளப்புக்குத் தேடிப் போகிறான். அவளுடைய பழைய நண்பன் ஜானி வலுக்கட்டாயமாக அவளை முத்தமிடுவதைச் சமையலறைப் பக்கம் நின்று பார்க்கிறான். அப்படியே பின்வாங்கும்போது பரிமாறுபவர்மீது மோதி, உடம்பெல்லாம் சாஸ் கொட்டி, எல்லோரும் சிரிக்க, ஓடிவிடுகிறான். அடுத்த நொடியே ஆலி ஜானியின் முகத்தில் குத்துவிட்டதை அவன் பார்க்கவே இல்லை. அவளுடைய தோழி சொல்லித்தான் பிறகு தெரியவருகிறது. அத்தனை நாளும் அந்தப் பெண் செய்யாத அவமானத்தை அவள்மேல் சுமத்தி, இவன் தனியாக வருந்திக்கொண்டிருக்கிறான்.

போட்டி நாளில் பார், அவனுக்கு விதிமுறையைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். எங்கே அடித்தால் புள்ளி, எத்தனை புள்ளிக்கு வெற்றி என்று ஒன்றும் தெரியாமல்தான் அவன் களத்துக்கு வந்திருக்கிறான். அவனுக்குக் கராத்தே கற்றுக்கொடுக்கும் ஜப்பானியப் பெரியவர் மியாகிக்கு மொழிபெயர்ப்பாளர் என்று பொய் சொல்லித்தான் அவள் உள்ளேயே வர முடிகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தப் படத்தில் எல்லோருமே எதையாவது மறைக்கிறார்கள். கடற்கரையில் அடி வாங்கிய மறுநாள் டேனியல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா முன்னால் வருகிறான். கழற்றச் சொன்னால் கண் வீங்கியிருக்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்கிறான். லூசிலுக்கு அது பொய் என்று தெரியாதா? எந்த அம்மாவுக்குத் தெரியாது?

மியாகி மறைப்பது அதைவிடப் பெரியது. கார் துடைப்பது, தரையைத் தேய்ப்பது, வேலிக்கு வண்ணம் அடிப்பது என்று வேலை வாங்கியே தடுப்பு முறைகளைப் பழக்கிவிடும் அந்தக் குடியிருப்புப் பராமரிப்புக்காரரை உனக்கு மிகவும் பிடிக்கும். கையை மேலும் கீழும் ஆட்டி, ஈரத்துணியால் என் பீரோவைத் துடைத்துக் கொடுத்தாய். ஆனால் ஒரு ராத்திரி டேனியல் போகும்போது அவர் பழைய ராணுவ உடையில் குடித்துக்கொண்டிருப்பாரே, அந்த இடத்தை நீ எப்போதும் ஓட்டிவிடுவாய். நேற்று நான் ஓட்டவில்லை.

அன்று அவருக்குத் திருமண நாள். இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்காவுக்காக ஐரோப்பாவில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, அதே அமெரிக்கா அவருடைய மனைவியை மன்ஸனார் முகாமில் அடைத்து வைத்திருந்தது. பிரசவத்தில் அவளும் போனாள், குழந்தையும் போனது. வந்த தந்தியை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். கூடவே வீரத்துக்காகக் கொடுத்த பதக்கம். டேனியல் அவரைப் படுக்க வைத்துவிட்டு, தந்தியைப் படித்துவிட்டு, தூங்கும் மனிதரைக் குனிந்து வணங்கிவிட்டுப் போகிறான்.

நூலகத்தில் உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த முகாம்கள் கதைக்காகச் சேர்த்தவை இல்லை. 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட உத்தரவுக்குப் பிறகு, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரச் செய்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலரும் அமெரிக்க ராணுவத்தின் 442ஆம் படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்ஸிலும் சண்டையிட்டார்கள்.

மியாகியாக நடித்த பாட் மொரிட்டா சின்ன வயதில் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே கிடந்தவர். இனி நடக்கவே முடியாது என்று நினைத்த பிள்ளை நடக்கக் கற்றது. மருத்துவமனையை விட்டு அவர் போனது வீட்டுக்கில்லை. அரிசோனாவில் கீலா ரிவர் முகாமில் அடைபட்டிருந்த தன் அப்பா அம்மாவிடம். பிறகு மேடையிலும் டி.வி.யிலும் சிரிக்க வைத்துப் பிழைத்தார். நகைச்சுவை நடிகர் என்பதால்தான் தயாரிப்பாளர் முதலில் இவரை வேண்டாம் என்றாராம். அந்தக் குடிபோதைக் காட்சியையும் கதை நகரவில்லை என்று வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். இயக்குநர் அவில்ட்சன் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் படத்துக்காக மொரிட்டா ஆஸ்கர் துணை நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்தக் காட்சி இல்லாமல் அது நடந்திருக்குமா என்று நினைத்துப் பார்.

அந்தத் தந்தியைப் படித்த பிறகு டேனியல் வேறு பையன். அதுவரை அவர் அவனுக்கு மாஸ்டர். அன்று முதல் அவர்கள் சொந்தம். உதையும் குத்தும் கற்றுக்கொடுத்தபோது வராத நெருக்கம், அவர் மறைத்து வைத்திருந்ததை அவன் பார்த்த பிறகு வருகிறது.

இனி நான் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

நீ ஒன்பதாவது படித்தபோது திருச்சியில் ஒரு போட்டி நடந்ததே, மாஸ்டரின் வேனில் போனாயே. எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கிடைத்தது. நீ போன ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறி நானும் வந்தேன். உள்ளே வந்து உட்காரவில்லை. மாடிப்படி ஓரத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். மற்ற பிள்ளைகளின் வீட்டார் காரில் வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டியிருந்த புடவையோடு, கூடைப் பையோடு அங்கே வந்து நின்றால் உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில் நீ தோற்றாய். மூன்று புள்ளியும் நொடியில் போய்விட்டது. நீ ஓரமாக உட்கார்ந்து துண்டில் முகத்தை மூடிக்கொண்டாய். மாஸ்டர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். உன் பக்கத்தில் யாருமே இல்லை. பத்து அடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை. திரும்பிப் பஸ் ஏறி, உனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டேன்.

ராத்திரி வந்து, "செமி ஃபைனல் வரைக்கும் போனேம்மா" என்றாய். நானும், "சரி கண்ணு, கை கால் கழுவிட்டுச் சாப்பிட வா" என்றேன். அத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் நீ வகுப்பை விட்டபோதுகூட நான் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தனை வருடமும் உன்னைச் சங்கடப்படுத்தாமல் இருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ பேசிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. நம் வீட்டை, நம் புடவையை, நம் கூடைப் பையை ஒளித்து வைக்க வேண்டும் என்று உனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது நான்தான். நீ அன்று என்னைப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் வீட்டில் எதையெல்லாம் பேசாமல் விட்டோமோ, அதிலிருந்தே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அன்று நான் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மன்னித்துவிடு.

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது மூன்று விஷயங்கள்தான். உன்னோடு வேலை செய்கிறாள், ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், போன வருடம் உனக்கு டெங்கு வந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். மூன்றாவதை நீ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி உட்கார்ந்திருந்தவள் நம் பொதுக் குழாயைப் பார்த்தா பின்வாங்கப்போகிறாள்? அப்படியே அவள் பின்வாங்கினாலும், அதை அவள் செய்யட்டும். அவளுக்காக நீ முன்கூட்டியே செய்யாதே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிடு என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு வருவதற்கு முன்னால் வீடு எப்படி இருக்கும் என்று நீயே அவளிடம் சொல். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். பாத்திரம் அடுக்கி ஒழுங்கு பண்ணி எடுக்க மாட்டேன், இருக்கிற மாதிரியே எடுக்கிறேன். தங்குவதற்கு அவளுக்குச் சிரமமாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் அறை போடலாம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சாப்பாடு மட்டும் இங்கேதான்.

அவளுக்குத் தமிழ் எவ்வளவு புரியும், காரம் சாப்பிடுவாளா என்று எழுது. அடுத்த மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு எனக்கு வசதி. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன், நம் பக்கத்துச் சுவருக்கு நாமே வெள்ளை அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சுண்ணாம்பும் இரண்டு பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன். நான் அடிக்கப்போவதில்லை. நீ வந்து அடி. அவளுக்கும் ஆசை இருந்தால் இன்னொரு பிரஷ் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா