வகுத்தால் மறைந்துபோகும் வாடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னைக் காற்று பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், ‘எல்லாம் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்குச் சந்தேகம் அந்த அளவின் மேல்தான்.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் ஷிப்டு பார்த்தவன் நான். எர்ணாவூரில் வீடு கட்டியது அந்தச் சம்பளத்தில்தான். ஆலைகளை மூடு என்று கோஷம் போடுகிற ஆள் இல்லை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு மேல் கேஸ் அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, பேத்திக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நான்தான். விடிந்தால் வாடை போய்விடும். மொட்டைமாடியில் கரித்தூள் மட்டும் கிடக்கும்.

நம் தேசியக் காற்றுத் தரநிலை அட்டவணையில், ஆலைப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கு இரண்டே வரம்புகள். 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 50. ஒரு மணி நேரத்துக்கு என்று எதுவும் கிடையாது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 22 மணி நேரம் காற்றில் 20தான் இருக்கிறது, நள்ளிரவில் இரண்டு மணி நேரம் மட்டும் 600 அடிக்கிறது. மொத்தத்தைக் கூட்டி 24ஆல் வகுத்தால் 68. அன்றைய நாள் பாஸ். உலக சுகாதார நிறுவனமோ 10 நிமிடச் சராசரியே 500ஐத் தாண்டக் கூடாது என்கிறது. பேத்திக்கு மூச்சு முட்டுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். 24 மணி நேரமும் கூடி அவள் மூச்சைச் சராசரி போடுவதில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 முறை அளந்திருந்தால் ஆண்டுச் சராசரி போட்டுவிடலாம் என்பதும் அதே அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த அழுகின முட்டை வாடை, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு, பட்டியலில் உள்ள 12 மாசுகளில் சேரவே இல்லை. அம்மோனியா இருக்கிறது. ஆனால் அதற்கும் 24 மணி நேர வரம்பு (400), ஆண்டு வரம்பு (100) மட்டும்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியவர்களுக்கு 24 மணி நேரச் சராசரி எதற்கு?

இந்த அளவுகள் மாறாத வேதவாக்கு ஒன்றும் இல்லை. 1981 காற்றுச் சட்டத்தின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் முதல் அட்டவணை வெளியிட்டது. 1994இல் திருத்தினார்கள். அதில் தொழிற்பகுதிக்குத் தனி வரம்பு, குடியிருப்புக்குத் தனி வரம்பு: மிதக்கும் தூசி ஆண்டுச் சராசரி குடியிருப்பில் 140, தொழிற்பகுதியில் 360. கம்பெனிச் சுவருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஒரு ரோடுதான். தூசி அதைக் கடக்கும்போது இறங்கி நின்று வரம்பு பார்க்குமா என்று அன்றே வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். 2009இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். நல்ல காரியம். அதன் பிறகு புது அட்டவணை வரவில்லை. நுண்தூசிக்கு (பிஎம் 2.5) நம் ஆண்டு வரம்பு இன்னும் 40. உலக சுகாதார நிறுவனம் 2005இல் 10 என்றது, 2021இல் 5 என்று இறக்கிவிட்டது.

அதற்காக 5ஐ நாளைக்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. மறுபரிசீலனை என்றால் எப்போதும் இறுக்குவது என்றும் பொருள் இல்லை. அதே 2021இல் அந்த நிறுவனம் கந்தக டை ஆக்சைடின் 24 மணி நேர அளவை 20இலிருந்து 40ஆகத் தளர்த்தியது. நான் கேட்பது, மறுபரிசீலனைக்கு ஒரு காலக்கெடு. அமெரிக்கச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தரநிலையை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. வெளி விஞ்ஞானிகள் குழு பார்க்க வேண்டும், வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். வரம்பை வைக்கும்போது ஆரோக்கியத்தை மட்டும் பார், செலவைப் பார்க்காதே என்று அவர்கள் உச்ச நீதிமன்றமே 2001இல் சொல்லிவிட்டது. அங்கும் கெடு தவறுகிறது, ஆனால் தவறினால் கோர்ட்டுக்குப் போக ஒரு பிடி இருக்கிறது. நுண்தூசியின் ஆண்டு வரம்பு 1997இல் 15, 2012இல் 12, 2024இல் 9 என்று அங்கே இறங்கியது இப்படித்தான். நம் சட்டம் தரநிலையை வகுக்கச் சொல்கிறதே தவிர, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

புது ஆலை வந்தால் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள், நாங்களும் போய்த் தொண்டை வற்றக் கத்துகிறோம். அந்த ஆலையைப் பிறகு எந்த அளவுகோலால் அளப்பது என்று எங்களிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது ‘அளவுக்குள் இருக்கிறது’ என்று சொன்னால், எத்தனை மணி நேரச் சராசரி, எந்த ஆண்டு வகுத்த அளவு என்று தங்கள் நிருபர் அவரிடம் கேட்டு, பதிலையும் சேர்த்துப் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்டுத் தொழிலாளி,
எர்ணாவூர், சென்னை