பத்தாம் நம்பர் சட்டை

அன்பின் மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, மெல்ல நடக்கத் தொடங்கிவிட்டா. செல்வம் அண்ணன் வழக்கம்போல ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு இருக்கிறார். கனநாள் எழுதவில்லை என்று கோபிக்காதே. நம் வொலபீஸ், அதுதான் அவுஸ்திரேலிய றக்பி அணி, பிரான்சிடம் தோற்ற இரவு நீ அனுப்பிய செய்திக்கு ஃபோனில் இரண்டு வரி பதில் போட மனம் வரவில்லை. இருந்து எழுதவேண்டிய விஷயம் இது.

"வெளிநாட்டில் ஆடுகிற எல்லாரையும் கூப்பிடு, பிரச்சினை முடிந்தது" என்று எழுதியிருந்தாய். முடியாது மச்சான். இங்கிலாந்து 25-7, இத்தாலி 26-19, அயர்லாந்து 46-19, பிரான்ஸ் 48-33. 2025 நவம்பரில் நாலு சனிக்கிழமை, நாலு தோல்வி. உனக்கு வந்த ஆத்திரம் எனக்கும் வந்தது. ஆனால் நோய் இருப்பது வேறு இடத்தில்.

ஸ்கெல்டன் விஷயத்தில் உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன். அவன் பிரான்சின் லா ரோஷெல் கிளப்பில் ஆடினால் என்ன, எங்கே ஆடினால் என்ன, கூப்பிட்டே ஆகவேண்டும். பிரித்தானிய-அயர்லாந்துக் கூட்டணியான லயன்ஸோடு ஆடிய 2025 தொடரின் இரண்டாவது டெஸ்டில் அவனும் வலெட்டினியும் திரும்பி வந்ததும் முன்னுக்கு நின்று தள்ளும் ஃபோர்வர்ட் கூட்டம் எப்படி நிமிர்ந்தது என்று மெல்பேர்ன் எம்.சி.ஜி. மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேரோடு இருந்து நீயே பார்த்தாய். 23-5 என்று முன்னுக்கு நின்றுவிட்டு, கடைசி நிமிடத்தில் லயன்ஸின் கீனன் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் போட்ட ட்ரையால் 29-26 என்று பறிகொடுத்தோமே, அன்றைக்கு நீ ஃபோனை எடுக்கவே இல்லை.

ஆனால் ஸ்கெல்டனைப் போலத் தள்ளுகிற லொக் வேறு, ஆட்டத்தை நடத்துகிற ஃப்ளை ஹாஃப், அதாவது பத்தாம் நம்பர்க்காரன், வேறு. லொக் தன் பலத்தை எங்கிருந்தும் கொண்டுவரலாம். பத்தாம் நம்பர்க்காரனின் ஆட்டம் பக்கத்தில் நிற்பவர்களோடு பின்னிக் கிடக்கிறது. ஒன்பதாம் நம்பர்க்காரன் பந்தை எந்த வேகத்தில் எறிவான், பன்னிரண்டாம் நம்பர்க்காரன் எந்தக் கோணத்தில் ஓடிவருவான், மூச்சு வாங்கும்போது யாருடைய குரலை நம்பலாம் என்பதெல்லாம் வாரா வாரம் சேர்ந்து ஆடினால்தான் பிடிபடும். ஒரு கிழமை முகாமில் வராது. 1999 உலகக் கிண்ணத்தை நினைத்துப் பார். ஒன்பதில் கிரேகன், பத்தில் லார்க்கம், இரண்டு பேரும் கன்பராவின் பிரம்பீஸ் கிளப்காரர்கள். கோச் ரொட் மக்குவீனே பிரம்பீஸின் முதல் கோச். அரையிறுதியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மேலதிக நேரத்தில் லார்க்கம் அந்தத் தூரத்திலிருந்து ட்ரொப் கோல் அடித்தானே, அந்தத் துணிவு கன்பராவில் ஊறி வந்தது.

இப்போது என்ன நடக்கிறது? 2023 இல் அப்போதைய கோச் எடி ஜோன்ஸ் அனுபவசாலியான பத்தாம் நம்பர் குவேட் கூப்பரையும் விட்டார், பிரம்பீஸுக்கு ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த லொலேசியோவையும் விட்டார். அந்த வருஷம்தான் சர்வதேச ஆட்டத்துக்கே வந்த கார்ட்டர் கோர்டனின் தலையில் முழுப் பாரத்தையும் வைத்துப் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணத்துக்குக் கூட்டிப் போனார். ஃபிஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6. குழுநிலையிலேயே வீட்டுக்கு வந்தோம், வரலாற்றில் முதல் தடவையாக. அந்தப் பிள்ளை பிறகு றக்பி லீக்குக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 2025 இலும் அதே கதைதான்: லொலேசியோ காயம், பிறகு லைனா, பிறகு ஓ'கொனர், பிறகு எட்மெட். ஒருவனும் அந்தச் சட்டையில் ஊன்றி நிற்கவில்லை.

ஓ'கொனரை நீ உன் பக்கத்துச் சாட்சியாக இழுப்பாய் என்று தெரியும். 35 வயதில் வந்து, தென்னாபிரிக்காவின் எல்லிஸ் பார்க்கில் 22-0 என்று பின்னுக்கு நின்ற அணியை நடத்தி 38-22 என்று வெல்ல வைத்தான். 1963 க்குப் பிறகு அங்கே நமக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஆனால் அவன் அந்த வருஷம் எங்கே இருந்தான்? சுப்பர் றக்பி கிளப் போட்டியில் சம்பியனான நியூசிலாந்தின் குருசேடர்ஸில். மாற்று ஆட்டக்காரனாக இறங்கி, நெருக்கமான ஆட்டங்களை முடித்து வைப்பதுதான் அங்கே அவனுக்குக் கொடுத்த வேலை. எல்லிஸ் பார்க்கில் முதலிலிருந்தே ஆடினாலும், ஆட்டத்தை நடத்தி முடிக்கும் அந்தப் பழக்கம் அங்கே பழகியதுதான். நல்ல கிளப் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, சுஆலீ இருக்கிறானே என்பாய். ஒரு சுப்பர் றக்பி ஆட்டம்கூட ஆடாமல் 2024 இல் இங்கிலாந்தின் ட்விக்கன்ஹாமில் இறங்கி, 42-37 வெற்றியில் ஆட்ட நாயகன். அன்றைக்கு நானும் கத்தினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவனைப் போல ஒருவன் எப்போதாவதுதான் வருவான். அவனுக்குக்கூட அவனுடைய கிளப் வராட்டாஸில் ஒரு நேரம் ஃபுல் பேக், வொலபீஸில் சென்டர் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. இதைத்தான் நான் கேட்கிறேன்: கிளப்பில் ஓர் இடம், நாட்டுக்கு வேறோர் இடம் என்றால் ஃபோர்ம் என்று எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

போன சீசனில் ஒரு சனிக்கிழமை சிட்னியில் கூஜி ஓவல் மைதானத்துக்குப் போயிருந்தேன். அங்கே காலையிலிருந்து கீழ் கிரேட் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும், கடைசியில்தான் முதல் கிரேட். மூன்றாம் கிரேட்டில் ஆடிய ஒரு பெடியன், காதில் டேப்பைக்கூடக் கழற்றாமல், அடுத்த ஆட்டம் தொடங்குமட்டும் ஓரத்தில் நின்று கடற்காற்றுக்கு எதிராக உதைத்துக்கொண்டே இருந்தான். அவனுடைய அப்பா பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தார். கண்டி நித்தவெல மைதானத்து மழையில் நாங்கள் சேற்றில் நின்று பார்த்த காலம் ஞாபகம் வந்தது. இந்தப் பெடியனுக்கு மேலே ஏற எத்தனை படிகள் மிச்சம்? சுப்பர் றக்பியில் அவுஸ்திரேலியாவுக்கு இப்போது நாலே நாலு அணிதான். நாலு பத்தாம் நம்பர் சட்டை. அதில் ஒன்றில் வயதுபோனவன், ஒன்றில் காயக்காரன் என்றால், தெரிவாளர்கள் யாரைத்தான் பார்ப்பார்கள்?

உன் மெல்பேர்ன் கிளப் ரெபெல்ஸைப் பற்றி இதுவரை எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். முதன்முறையாகக் காலிறுதிக்குப் போன 2024 இலேயே அதை மூடினார்கள். கடன் உண்மைதான், கோடிக்கணக்கில். ஆனால் மெல்பேர்னில் பிறந்த வலெட்டினி வருஷத்தின் சிறந்த வொலபீஸ் ஆட்டக்காரனுக்கான ஜோன் ஈல்ஸ் பதக்கத்தை இரண்டு வருஷம் தொடர்ந்து வென்றவன். அவனைப் போல அடுத்தவன் உன் தெருவில் வளர்ந்துகொண்டிருந்தால், அவன் சனிக்கிழமை யாருடைய ஆட்டத்தைப் பார்த்து ஆசைப்படுவான்? அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு நித்திரை வராதது இதனால்தான், பிரான்சிடம் தோற்றதனால் இல்லை.

2027 உலகக் கிண்ணம் நம் மண்ணில். குழுவிலேயே நியூசிலாந்து. 2026 இல் வொலபீஸ் கோச்சாக ஜோ ஷ்மிட் போய் லெஸ் கிஸ் வருகிறார், குயின்ஸ்லாந்து ரெட்ஸ் கிளப்பில் அவர் செய்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவர் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு பத்தாம் நம்பரைத் தெரிந்து, அவனுடைய கிளப் கோச்சோடு பேசி, சீசன் முழுக்க அவனை அங்கேயே ஆட வைக்கவேண்டும். இரண்டு ஆட்டம் சொதப்பினாலும் கைவிடக்கூடாது.

2026 ஜூலையில் அயர்லாந்து சிட்னிக்கு வருகிறது. நீ குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில்தான் நிற்கிறாய், அதில் பேச்சே இல்லை. அதற்கு முன் உன் இருபத்து மூன்று பேரை எழுதி அனுப்பு. பத்தாம் நம்பருக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருக்கவேண்டும்.

அன்புடன்,
ரவி